க்ரூஸ் பிடிக்காத வண்டி

க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை என்று ஒரு வண்டி வந்தால் நான் முதலில் ஸ்டீரிங் பக்கம் போவதில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "பிரேக்க மிதிங்க" என்பேன். வந்தவருக்கு ஒன்றும் புரியாது. "பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குது, க்ரூஸ்தான் நிக்க மாட்டேங்குது" என்பார். இருக்கட்டும், மிதியுங்கள் என்பேன். விளக்கு எரிகிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிகிறதா, பின் கண்ணாடிக்கு மேலே இருக்கிற மூன்றாவது விளக்கும் எரிகிறதா, காலை எடுத்ததும் உடனே அணைகிறதா. இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஸ்கேனரைக் கையில் எடுப்பேன்.

எங்கள் பெருநகர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலையில் இருக்கிற ஊர். செய்யாற்றங்கரை. தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரத்து சாமிகளெல்லாம் ஆற்றுக்கு வந்து சேருகிற ஊர் என்றால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் க்ரூஸ் கன்ட்ரோலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் காய்கிற ரோடு இது. கரும்பு ஏற்றிய டிராக்டரும், கல்குவாரி லாரியும், சிப்காட் கம்பெனி பஸ்ஸும் ஒன்றை ஒன்று முந்துகிற ரோடு. சாயங்காலமானால் மாடுகள் வீடு திரும்பும். இங்கே யாரும் க்ரூஸ் போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ரோட்டோடு நின்றுவிடுவதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள், பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்வருகிற பெரியவர்கள் எல்லோரும் கடைசியில் ஏறுவது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில். அங்கே க்ரூஸ் போட்டுப் பழகிவிட்டால் அது இல்லாமல் கால் வலிக்கிறது என்கிறார்கள். ஒரு காலத்தில் பணக்காரர் காரில் மட்டும் இருந்த வசதி இன்று சாதாரணக் குடும்பக் காரிலும் இருக்கிறது. அதன் பழுதும் கூடவே எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது.

அப்படி வந்த ஒரு டீசல் கார், கிளட்ச் உள்ள வண்டி. ஒரகடத்தில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர் கொண்டு வந்தார்.

"எண்பதுல செட் பண்ணா கொஞ்ச தூரம் ஓடுதுண்ணா. அப்புறம் தானா விட்டுடுது. ரெஸ்யூம் அமுக்குனா திரும்பப் புடிச்சிக்குது."

"எந்த மாதிரி எடத்துல விடுது?"

"பாலம் ஏறி எறங்குற எடம், ஒட்டுப் போட்ட ரோடு. வழவழன்னு இருந்தா ரொம்ப நேரம் நிக்குது."

"விடும்போது மீட்டர்ல செட் மட்டும் போகுதா, க்ரூஸ் மார்க்கும் சேந்து போகுதா?"

கொஞ்சம் யோசித்தார். "செட் மட்டும்தாண்ணா. க்ரூஸ் அப்படியே நிக்குது."

இந்தக் கடைசிக் கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். பெரும்பாலான கார்களில் மீட்டரில் இரண்டு அடையாளம் வரும். மெயின் பட்டனை அமுக்கினால் க்ரூஸ் தயார் என்று ஒன்று, வேகத்தைப் பிடித்துக்கொண்டதும் செட் என்று இன்னொன்று. இரண்டும் சேர்ந்து போனால், இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசிஎம் ஏதோ பெரிய பழுதைக் கண்டு அந்த வசதியையே பூட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். செட் மட்டும் போனால் கதை வேறு. டிரைவர் விடச் சொன்னார், விட்டேன் என்று ஈசிஎம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. டிரைவர் சொல்லாததை யார் சொன்னது என்றுதான் தேட வேண்டும்.

விடச் சொல்லக்கூடியவர்கள் சிலர்தான். பிரேக் பெடல், கிளட்ச் பெடல், ஸ்டீரிங்கில் இருக்கிற கேன்சல் பட்டன். வேகம் ரொம்பக் குறைந்தாலும் விடும், சக்கரம் வழுக்கி, வழுக்கலைத் தடுக்கிற ஈஎஸ்பி உள்ளே புகுந்தாலும் விடும். காய்ந்த ரோட்டில் எண்பதில் போகிறவருக்கு இந்த இரண்டும் பொருந்தாது. தம்பி ஏற்கெனவே வேறு ஓர் இடத்தில் காட்டியிருந்தார். ஸ்டீரிங்குக்குள் சுருண்டு கிடக்கிற ஸ்பைரல் கேபிள் போய்விட்டது, ஏர்பேக்கைக் கழற்றி அதை மாற்ற வேண்டும், பல ஆயிரம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்பைரல் கேபிள் போகிற சாமான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது போனால் பெரும்பாலும் ஹாரன் விட்டு விட்டு அடிக்கும், ஆடியோ பட்டன் வேலை செய்யாது, ஏர்பேக் விளக்கு எரியும். ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிக்கொண்டே ஹாரன் அடித்துப் பார்த்தேன், ஒரு இடத்திலும் விடவில்லை. பல கார்களில் செட், ரெஸ்யூம், கேன்சல் மூன்றும் ஒரே ஒயரில், வேறு வேறு ரெசிஸ்டன்ஸ் அளவாகத்தான் போகின்றன. ரெஸ்யூம் ஒவ்வொரு முறையும் தவறாமல் பிடிக்கிறது என்றால் அந்த ஒயரைச் சந்தேகப்படக் காரணமே இல்லை. மிச்சம் பெடல் இரண்டும்.

இங்கே பிரேக் சுவிட்ச் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் பழைய சுவிட்ச் வேறு, இப்போதைய சுவிட்ச் வேறு. அம்பாசடரில் அது பெடலிலேயே கிடையாது, பிரேக் ஆயில் லைனில் திருகியிருக்கும். ஆயில் அழுத்தம் ஏறினால் விளக்கு எரியும். மாருதி 800 வந்தபோது பெடலுக்கு மேலே, பிளன்ஜர் வைத்த இரண்டு ஒயர் சுவிட்ச் வந்தது. பெடல் சும்மா இருக்கும்போது அதன் கை பிளன்ஜரை அழுத்திப் பிடித்திருக்கும். மிதித்தால் பெடல் விலகும், பிளன்ஜர் வெளியே வரும், உள்ளே பாயின்ட் சேரும், விளக்கு எரியும். அவ்வளவுதான்.

இப்போது அதே டப்பாவுக்குள் இரண்டு சுவிட்ச் இருக்கின்றன, ஒயர் நான்கு. ஒன்று பழைய மாதிரிதான்: மிதித்தால் சேரும், விளக்குக்குக் கரன்ட் போகும், அதே தகவல் ஈசிஎம்முக்கும் போகும். மற்றது நேர் எதிர்: பெடலைத் தொடாதபோது சேர்ந்திருக்கும், மிதித்தால் பிரியும். முதலாவதற்கு சப்ளை பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, சாவி இல்லாமலும் பிரேக் லைட் எரிய வேண்டும் என்பதால். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இக்னிஷனிலிருந்து வருகிறது. ஒரே விஷயத்தை இரண்டு சாட்சிகளிடம் தனித்தனியாக விசாரிக்கிற ஏற்பாடு இது. இருவரும் ஒத்துச் சொன்னால்தான் ஈசிஎம் க்ரூஸைப் பிடித்து வைக்கும். ஒருவர் மாற்றிச் சொன்னாலும் விட்டுவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த இரண்டாவது சுவிட்ச்சை எதிர்ப்பக்கமாக வைத்த யோசனை. அதன் ஒயர் அறுந்தால், ஃபியூஸ் போனால், கப்ளர் கழன்றால், இதில் எது நடந்தாலும் ஈசிஎம்முக்குப் போகிற செய்தி "பிரேக் மிதிக்கப்பட்டது" என்பதுதான். இந்த மாதிரிப் பழுது எதுவானாலும் வேகத்தை விடுகிற பக்கமே விழும். இதை வடிவமைத்தவர் யாரோ, சாலையில் போகிற மனிதனை நினைத்துக்கொண்டுதான் வடிவமைத்திருக்கிறார்.

தம்பியின் வண்டியில் பின் விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தது. ஸ்கேனரை மாட்டினேன். டேஷ்போர்டில் செக் லைட் எரியவில்லை, ஆனாலும் உள்ளே ஒரு கோடு பதிவாகிக் காத்துக்கொண்டிருந்தது: பி 0504. பிரேக் சுவிட்ச் ஏ-யும் பி-யும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இதே குடும்பத்தில் பி 0571 என்று ஒன்று உண்டு, அது ஏ சர்க்யூட்டிலேயே கோளாறு என்று சொல்லும். கோடு வந்துவிட்டதே, சுவிட்ச்சை மாற்றிவிடலாம் என்று பலர் இங்கேயே முடித்துவிடுவார்கள். ஒத்துப்போகவில்லை என்றுதான் கோடு சொல்கிறது. எது பொய் சொல்கிறது, சுவிட்ச்சா ஒயரா கப்ளரா பெடலா என்பதை அது சொல்வதில்லை. அதைத் தேடுவது நம் வேலை.

லைவ் டேட்டாவில் பிரேக் ஏ, பிரேக் பி, கிளட்ச் மூன்றையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டேன். தம்பியை மிதிக்கச் சொன்னால் மூன்றும் சரியாக மாறின, காலை எடுத்தால் சரியாகத் திரும்பின. இங்கே ஏமாறக் கூடாது. கால் முரட்டுத்தனமானது. ஒரே மிதியில் பிளன்ஜரின் முழுத் தூரத்தையும் தாண்டிவிடும், நடுவில் நடப்பது திரையில் தெரியவே தெரியாது. அதனால் டிரைவர் கதவைத் திறந்து, தரையில் முட்டி போட்டு, தலையை ஸ்டீரிங்குக்குக் கீழே நுழைத்து, பெடலைக் கையால் பிடித்தேன். ஸ்கேனர் திரையைத் தம்பி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மயிரிழை அளவுக்கு அழுத்தினேன். "பி மாறிடிச்சிண்ணா. ஏ அப்படியே இருக்குது." நல்ல சுவிட்ச்சிலும் இரண்டும் ஒரே புள்ளியில் மாறாது, கொஞ்சம் முன்பின் இருக்கும், அதை ஈசிஎம் பொறுத்துக்கொள்ளும். ஏ-யும் மாறுகிற வரை அழுத்திவிட்டு, பெடலை மெதுவாக விட்டேன். ஏ ஆஃபுக்கு வந்துவிட்டது. பி வரவில்லை. பெடல் முழுக்க மேலே வந்து நின்ற பிறகும் பி வரவில்லை. பெடலை விரலால் லேசாகத் தட்டிய பிறகே வந்தது. ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பெடல் தாங்கியைத் தட்டினேன். "பி ஆனு, ஆஃபு, ஆனு... அடிக்கும்போதெல்லாம் மாறுதுண்ணா." கிளட்ச் அசையவில்லை, ஏ அசையவில்லை. பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும்போது நடந்தது இதுதான். தம்பி காலை வைக்கவே இல்லை. அந்த ஓர் அதிர்வில் இரண்டாவது சாட்சி தடுமாறியது, ஈசிஎம் க்ரூஸை விட்டது.

சுவிட்ச்சைக் குற்றம் சாட்டுவதற்கு முன்னால் மற்றவற்றைக் கழித்தாக வேண்டும். சுவிட்ச் தன் துளையில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பெடல் திரும்பி வரும்போது பிளன்ஜரை முழுக்க அழுத்தியது. கப்ளரை மாட்டிய நிலையிலேயே பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி, இரண்டு சப்ளையும் பேட்டரி வோல்டேஜுக்கு நிகராக இருப்பதைப் பார்த்தேன். ஒயரை வளைத்தும் இழுத்தும் பார்த்தபோதும் வோல்டேஜ் இறங்கவில்லை. பிறகு கப்ளரைக் கழற்றி, பி பாயின்ட்டின் இரண்டு பின்னுக்கும் இடையே ஓம் மீட்டர் வைத்தேன். சேர்ந்திருக்கும்போது ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டியது, நூறு, ஐம்பது, திறந்த சர்க்யூட் என்று ஓடிக்கொண்டே இருந்தது. இதற்கு மேல் சந்தேகமில்லை.

கழற்றிய சுவிட்ச்சை நான் தூக்கிப் போடுவதில்லை, பிளந்து பார்ப்பேன். இதையும் கத்தி முனையால் பிளந்தேன். விளக்குக்குப் போகிற பாயின்ட் கருத்து, நடுவில் சின்னக் குழி விழுந்திருந்தது. அது இயற்கை. 21 வாட்ஸ் பல்பு இரண்டு என்றால் ஓடும்போது மூன்றரை ஆம்பியர்தான். ஆனால் காயில் குளிர்ந்திருக்கும் அந்த முதல் கணத்தில் இழுக்கிற கரன்ட் அதைப்போலப் பத்து மடங்கு வரை போகும். ஒவ்வொரு மிதியிலும் ஒரு சின்னப் பொறி. அந்தப் பொறியில் தேய்ந்த கருப்புத் தூள் கீழே இருந்த பி பாயின்ட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. பாயின்ட்டில் வைத்திருந்த கிரீஸ் காய்ந்து அந்தத் தூளைப் பிடித்து வைத்திருந்தது. விளக்குப் பாயின்ட் தன் மேல் படிவதைத் தன் கரன்ட்டாலேயே எரித்துத் தள்ளிவிடும். பி பாயின்ட்டில் ஓடுவதோ ஈசிஎம்முக்கான வெறும் தகவல், மில்லி ஆம்பியர் கணக்கு. அந்தப் படலத்தைக் கிழிக்கிற பலம் அதற்குக் கிடையாது. தம்பியிடம் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார், நகம் கருத்தது. "இதுக்கா ஸ்டீரிங்கைக் கழட்டணும்னாங்க" என்று மட்டும் கேட்டார்.

சுத்தம் பண்ணி மறுபடி மாட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்ப்ரே அடித்தால் நாலு நாள் ஓடும். உள்ளே இருக்கிற கிரீஸும் கழுவிக்கொண்டு போய்விடும், பிறகு முன்பைவிடச் சீக்கிரம் போகும். சில நூறு ரூபாய் சாமானுக்காக இதைச் செய்யக் கூடாது. அதே நேரம், கடையில் கிடைக்கிற எந்த நான்கு பின் சுவிட்ச்சையும் வாங்கி மாட்டவும் கூடாது. உருவம் ஒன்றாக இருக்கும், உள்ளே இரண்டு பாயின்ட்டும் மாறுகிற தூரம் வேறாக இருக்கும். பார்ட் நம்பர் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இந்த வண்டியில் இருந்தது தன் அளவைத் தானே எடுத்துக்கொள்கிற வகை. புதிதில் பிளன்ஜர் முழு நீளத்துக்கு வெளியே வந்திருக்கும். பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்ச்சைத் துளையில் வைத்துத் திருப்ப வேண்டும். பிறகு பெடலை மெதுவாக விட்டால், அது பிளன்ஜரைத் தேவையான அளவுக்கு உள்ளே தள்ளி அங்கேயே நிறுத்திக்கொள்ளும். இந்த அளவெடுப்பு ஒரு முறைதான். பெடலை அழுத்தாமல் திணித்து மாட்டினால் அளவு கெட்டுவிடும், புது சுவிட்ச்சும் அன்றே வீண். கழற்றிய பழையதைத் திரும்ப மாட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். வேறு கார்களில் பெடல் சும்மா இருக்கும்போதுதான் மாட்ட வேண்டும், இன்னும் சிலவற்றில் மரை வைத்து இடைவெளியை நாமே வைக்க வேண்டும். அந்தந்த வண்டியின் முறையைப் பார்க்காமல் கையை வைக்கக் கூடாது.

மாட்டியதும் சோதனை. க்ரூஸ் போட்டுப் பார்க்க நான் எங்கள் ரோட்டில் ஒருநாளும் போக மாட்டேன். அதற்குத் தேவையும் இல்லை. ஸ்கேனரை ரெக்கார்டில் போட்டு, மானாம்பதிப் பக்கம் குண்டும் குழியுமான இடமாகப் பார்த்து, முப்பது நாற்பதில் ஓட்டிவிட்டு வந்தோம். திரும்பி வந்து பதிவைப் பார்த்தால், பிரேக் மிதித்த இடங்களில் ஏ-யும் பி-யும் ஒன்றாக மாறியிருந்தன. குழியில் விழுந்த இடங்களில் பி நேர்கோடாக நின்றது. வழவழப்பான நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் க்ரூஸ் போட்டுப் பார்ப்பதைவிட இந்த ஐந்து நிமிடம் நம்பகமானது. அடுத்த வாரம் தம்பி போனில் சொன்னார், வாலாஜா வரைக்கும் ஒரு இடத்திலும் விடவில்லையாம்.

எல்லா வண்டியிலும் சுவிட்ச்சே குற்றவாளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டீச்சரம்மாவின் காரில் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும், க்ரூஸும் பிடிக்காது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலடியில் கிடந்த மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். பெடலுக்கு நேர் கீழே பிளாஸ்டிக் துணுக்குகள், பல் விழுந்த மாதிரி நாலைந்து. பெடல் கையில் பிளன்ஜர் முட்டுகிற இடத்தில் ஒரு துளை இருக்கும். அதை அடைத்துக்கொண்டு சின்னதாக ஒரு ஸ்டாப்பர் இருக்கும். வருஷக்கணக்கில் வெயிலில் நின்று சூடேறி அது பொடிந்துவிட்டது. பிளன்ஜர் அந்தத் துளை வழியாக வெளியே வந்துவிட்டது. ராத்திரி முழுக்க பிரேக் லைட் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. சுவிட்ச் நன்றாகவே இருந்தது. போனது ஒரு டீ, வடை விலைக்குள் அடங்குகிற ஸ்டாப்பர். வழியில் இப்படி ஆனால் அந்தத் துளையில் ஒரு சின்ன போல்ட், நட்டு மாட்டி வீடு வந்து சேரலாம். ஆனால் அதையே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள், போல்ட் தலை பிளன்ஜரைத் தின்றுவிடும்.

இன்னொன்று நாமே தேடிக்கொள்கிற பழுது. ஜிபிஎஸ் டிராக்கர், கேமரா, கூடுதல் விளக்கு மாட்டுகிறவர்கள் டேஷ்போர்டுக்குக் கீழே கை போட்டால் முதலில் அகப்படுவது பிரேக் சுவிட்ச் ஒயர்தான். கம்பியைக் கடித்துப் பிடிக்கிற கிளிப்பை அதில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கிளிப் உள்ளே இழைகளை அறுத்துவிடும். மிச்சமிருக்கிற இரண்டு மூன்று இழையில் வண்டி சில மாதம் ஓடும். பிறகு க்ரூஸ் விட ஆரம்பிக்கும், சுவிட்ச் மாற்றினாலும் தீராது. பிரேக் லைட்டில் மின்னுகிற எல்இடி பல்பு மாட்டுவதும் அப்படித்தான். சில பழைய மாடல்களில் பல்பின் காயில் வழியாகவே க்ரூஸ் சர்க்யூட்டுக்கு எர்த் கிடைக்கும். எல்இடியில் காயில் கிடையாது, க்ரூஸும் கிடையாது. பல்பு மாற்றியதை வண்டிக்காரர் சொல்லவே மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

க்ரூஸ் கன்ட்ரோலை உருவாக்கியவர் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக்காரர், ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் பார்வை இழந்தவர். கண் தெரியாமலே இன்ஜினியராகி, பிஸ்டன் ரிங் செய்கிற கம்பெனியின் தலைமைக்கு வந்தவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டிக்கொண்டே பேசுவாராம். பேசும்போது வேகம் குறையும், கேட்கும்போது கூடும். அந்தத் தூக்கித் தூக்கிப் போடுகிற ஓட்டம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீட்டருக்குப் பொறுக்கவில்லை. அங்கிருந்துதான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1950-ல் பேட்டன்ட் கிடைத்தது, 1958-ல் கிரைஸ்லர் கம்பெனியின் இம்பீரியல் காரில் வந்தது. கார் ஓட்டவே முடியாத ஒருவர், வண்டியின் அசைவை உடம்பால் கவனித்தே இதைக் கண்டுபிடித்தார் என்பதை என்னிடம் வேலை கற்க வருகிற பையன்களுக்குச் சொல்லுவேன். அன்றிலிருந்து எத்தனையோ மாறிவிட்டது. பிரேக்கைத் தொட்டால் வேகப்பிடி விட்டுப்போக வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

அந்த விதி நிற்பது இந்தச் சின்ன சுவிட்ச்சின் மேல். பெரிய கம்பெனிகளே இதற்காகப் பெரும் விலை கொடுத்திருக்கின்றன. 2013 ஏப்ரலில் ஹூண்டாய், கியா இரண்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 17 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. காரணம் பிரேக் லைட் சுவிட்ச். அது போனால் பிரேக் லைட் எரியாமல் போகலாம், பிரேக் மிதித்தும் க்ரூஸ் விடாமல் போகலாம் என்று அறிவித்தார்கள். ஃபோர்டு கார்களில் க்ரூஸை விடுவிக்க பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற தனி சுவிட்ச் ஒன்று இருந்தது. அதற்குள் ஆயில் கசிந்து மின்பக்கம் சேர்ந்து, அணைத்து நிறுத்திய வண்டிகளே தீப்பிடித்தன. 1999 முதல் 2009 வரை படிப்படியாக ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அந்த ஒரு சுவிட்ச்சுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

க்ரூஸ் தானாக விடுவது தொந்தரவு, விடாமல் இருப்பது ஆபத்து. இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து வரக்கூடியவை. அப்படி விடாமல் போனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள், கிளட்ச்சை மிதியுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், ஸ்டீரிங்கில் மெயின் பட்டனை அணையுங்கள். இதை ஓட்டுகிற எல்லோரும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது வருகிற கார்களில் முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் பிடிக்கிற க்ரூஸ் வருகிறது. அங்கே டிரைவர் பெடலைத் தொடாமலே பின் விளக்கை எரியவைக்கிற வேலை கம்ப்யூட்டருக்கு. இருந்தாலும் கால் வைத்தாரா இல்லையா என்று அது தெரிந்துகொள்வது இன்றைக்கும் பெடலில் இருக்கிற சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான்.

"க்ரூஸ் எனக்குத் தேவையில்ல, விட்டுடுங்க" என்று சொல்கிறவர்கள் நிறைய. அவர்களோடு நான் வாதாடுவேன். க்ரூஸை நீங்கள் பயன்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் அது ஏன் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் விடக் கூடாது. பிரேக் பெடலிலிருந்து வருகிற செய்தியை நம்ப முடியவில்லை என்று வண்டி சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்று கெட்டிருப்பது பி பாயின்ட் என்றால், அதே டப்பாவில் விளக்குக்குப் போகிற ஏ பாயின்ட் ஏற்கெனவே குழி விழுந்து நிற்கிறது. அது போகிற அன்று உங்களுக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். தெரியாமல் வந்து மோதப்போகிறவர் பின்னால் பைக்கில் வருகிறவர். ஷிஃப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் எங்கள் ரோட்டில் பத்தடி இடைவெளிகூட விடாமல் வருகிறார்கள். தெருவிளக்கு இல்லாத இடத்தில் அவர்களுக்கு இருக்கிற ஒரே தகவல் உங்கள் பிரேக் லைட்தான்.

எந்த வண்டி வைத்திருந்தாலும் சரி, இன்று சாயங்காலம் அதைச் சுவரோரமாகப் பின்பக்கம் காட்டி நிறுத்துங்கள். பெடலை மெதுவாக அழுத்துங்கள். சுவரில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். லேசாக அழுத்தும்போதே எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும், இருக்கிற எல்லா விளக்கும் எரிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், அதைச் சரிசெய்கிறவரை ராத்திரியில் வண்டியை எடுக்காதீர்கள்.